உடைந்தது கைதான், மகனே

கண்ணு,

கூடத்தில் நீ மாட்டிவிட்டுப் போன கேமராவுக்கு நேர் கீழே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். சேலத்து ஆபீஸில் இருந்தபடி நீ இப்போது போனில் பார்த்துக்கொண்டிருந்தால், அம்மா என்னவோ எழுதுகிறாள் என்பது வரைக்கும் தெரியும். என்ன எழுதுகிறாள் என்பது தெரியாது. அந்த அளவுக்காவது எனக்கு ஒரு மறைவு மிச்சம் இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டுக்கொள்கிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்தாலே, "சரிம்மா, சரிம்மா, சைட்ல இருக்கேன், அப்பறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிடுகிறாய். அந்த அப்புறம் வருவதற்குள் நான் சொல்ல வந்தது எனக்கே மறந்துபோகிறது. கோபம் மட்டும் மறப்பதில்லை. கடிதத்தை நீ நடுவில் வெட்ட முடியாது. இதில் ஒரு நகலை நம் சர்ச்சின் மாத இதழுக்கும் கொடுக்கப்போகிறேன். அதற்காக முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. பிள்ளைகளைப் படிக்க வைத்து மலையை விட்டுக் கீழே அனுப்பிவிட்டு, கூடத்தில் ஒரு கேமராவோடு உட்கார்ந்திருக்கிற அம்மா இந்த ஏற்காட்டில் நான் ஒருத்தி மட்டும் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற சனிக்கிழமை கார் எடுத்துக்கொண்டு வருவதாகவும், அதற்குள் என் துணிமணிகளைப் பெட்டியில் எடுத்து வைத்துவிட வேண்டும் என்றும், இனிமேல் நான் சேலத்தில் உன் ஐந்தாவது மாடி ஃபிளாட்டில்தான் இருக்கப்போகிறேன் என்றும் சொல்லியிருக்கிறாய். சொன்னது என்னிடம் இல்லை. என்னைப் பார்த்துக்கொள்ள நீ ஆத்தூரிலிருந்து வரவழைத்த வளர்மதியிடம் சொல்லியிருக்கிறாய். அவள் வந்து என்னிடம் ஒப்பித்தாள்: "அம்மா, சார் சொல்லிட்டாருங்க. சனிக்கெழம நீங்க கெளம்போணுமாமுங்க. ஸ்வெட்டரெல்லாம் எடுத்து வெக்க வேண்டாமாமுங்க. அங்க நொம்ப வெக்கையாமுங்க." எனக்கு வந்த ஆத்திரத்தில், உள்ளே போய் இருக்கிற ஸ்வெட்டர்களை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடலாமா என்று தோன்றியது. இத்தனை வருஷம் மலைக் குளிரில் வாழ்ந்தவள், எந்த ஸ்வெட்டர் வேண்டும் எது வேண்டாம் என்று ஆத்தூர்ப் பெண் வழியாகச் சேலத்திலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

உனக்கு ஒன்றை நினைவுபடுத்துகிறேன். ஆடி மாதத்தில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பாசி வழுக்கி நான் விழுந்தபோது உடைந்தது என்னுடைய இடது மணிக்கட்டு. கை. நன்றாகக் கேட்டுக்கொள், கை. கால் இரண்டும் விழுந்த அன்றும் நன்றாக இருந்தன. எழுந்து நானேதான் வீட்டுக்குள் நடந்து வந்தேன். நீ வந்தாய், ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாய், மாவுக்கட்டு போட்டார்கள், எல்லாம் சரி. அதற்குப் பிறகு நீ என் காலை எடுத்து நாற்காலியில் வைத்தாயே, அதுதான் எனக்கு இன்றுவரைக்கும் புரியவில்லை. வாசலுக்குப் போகக் கூடாது, படியில் இறங்கக் கூடாது, அடுப்படிப் பக்கம் தலைகாட்டக் கூடாது. ஒரு டம்ளர் காப்பியை வலது கையில் எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனால்கூட வளர்மதி ஓடி வந்து பிடுங்கிக்கொள்கிறாள். "ஏனுங்கம்மா, நீங்க எந்திரிச்சா சார் கேமராவுல பாத்துருவாருங்க. எனக்குத்தான் திட்டு விழும்." பாவம், அவள் மேல் எரிந்து விழுந்து என்ன பிரயோஜனம்? இருந்தும் விழுந்திருக்கிறேன்.

மாவுக்கட்டைப் பிரித்த அன்று நீயும் இருந்தாய். கத்தரித்து எடுத்ததும் உள்ளேயிருந்து வந்த கையைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காய்ந்த முருங்கைக்காய் மாதிரி சுருங்கிப்போயிருந்தது. எலும்பு சேர்ந்துவிட்டது, சதைதான் இல்லை. கைப்பயிற்சி சொல்லிக்கொடுக்கிற அந்தச் சின்னப் பெண் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, "அழுத்துங்கம்மா, வலிச்சாலும் அழுத்துங்க, சும்மா வெச்சிருந்தா இன்னும் எளச்சுப் போயிருமுங்க" என்றாள். நீயும் பக்கத்தில் நின்று தலையை ஆட்டினாய். அந்தத் தலையாட்டலைப் பார்த்தபோது, கைக்குப் புரிந்தது காலுக்கும் இவனுக்குப் புரியும் என்று நினைத்தேன். நீ என்னடாவென்றால் காரில் ஏற்றி, வீட்டு வாசல்வரை கொண்டுவந்து, மறுபடியும் அதே நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, "நீ சும்மா உக்காரும்மா, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாய்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனேன். அதை உன்னிடம் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். சர்ச் வாசல் படி உனக்குத் தெரியும், அது ஒன்றும் மலை உச்சி இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் அதில் ஓடி ஏறியிருக்கிறேன். உன்னைச் சுமந்துகொண்டு வயிற்றைத் தள்ளிக்கொண்டு ஏறியிருக்கிறேன். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறியிருக்கிறேன். அன்றைக்குப் பாதிப் படியில் என் முழங்கால் இரண்டும் வெடவெடவென்று ஆடி, அடுத்த காலைத் தூக்க மாட்டேன் என்றுவிட்டன. வளர்மதி ஒரு பக்கமும், மணியடிக்கிறவர் இன்னொரு பக்கமுமாக என்னைத் தூக்கித்தான் மேலே வைத்தார்கள். பின்னால் வந்துகொண்டிருந்த, என்னிடம் ப்ளஸ் டூ படித்த ஒரு பெண், "பாத்துங்க டீச்சர்" என்றாள். அந்தக் குரலில் இருந்த பரிதாபம் பூசை முழுக்க என் காதிலேயே நின்றது. நான் பயந்துபோனேன், கண்ணு. விழுந்த அன்றுகூட நான் அப்படிப் பயப்படவில்லை. ஒரு கையை உடைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்து வந்தவள், கை சரியான பிறகு நடக்க முடியாதவளாகிவிட்டேனே என்று அன்றிரவு அழுதேன். அதை நீ பார்த்திருக்க மாட்டாய். நல்லவேளை, படுக்கையறையில் நீ கேமரா வைக்கவில்லை.

நீ கட்டடம் கட்டுகிறவன். ஒரு பொருள் எதனால் நிற்கிறது, எதைக் கொண்டு தாங்கப்படுகிறது என்பதை உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. ப்ளஸ் ஒன் தாவரவியலில் தாங்கு திசுக்கள் என்று ஒரு பாடம் வரும். வருஷா வருஷம் அந்தப் பாடத்தை நடத்தி நடத்தி எனக்குத் தொண்டை தேய்ந்தது. ஸ்கூலில் நடத்தியது போதாதென்று உனக்கு வீட்டில் தனியாக வேறு நடத்தினேன். நீ அதைப் பரீட்சைக்கு முதல் நாள் உருப்போட்டு, பரீட்சை எழுதிவிட்டு வெளியே வந்ததும் துப்பிவிட்டாய் என்பது இப்போதுதான் தெரிகிறது.

ஆனால் அந்தப் பாடத்தில் ஒரு பகுதி உனக்கு மறந்திருக்க வழியில்லை. நீ மூன்றாவதோ நான்காவதோ படிக்கும்போது, பஜாரில் ஒருவரிடம் பேரிக்காய் வாங்கித் தந்தேன். கடித்துவிட்டு, "மண்ணும்மா, மண்ணப் போட்டுக் குடுத்திருக்காரு" என்று நடு ரோட்டில் நின்று கத்தினாய். கடைக்காரருக்கு முகம் சிவந்துபோனது. உன்னைச் சமாதானப்படுத்துகிறேன் என்று நான் வாத்தியார் புத்தியைக் காட்டினேன். "மண்ணு இல்ல சாமி, அது கல் செல். பேரிக்காய்ச் சதைக்குள்ள அங்கங்க கல்லு மாதிரி கெட்டியான செல் கூட்டம் கூட்டமா இருக்கும், அதுதான் நறநறங்குது" என்று சத்தமாக விளக்கினேன். கடைக்காரருக்கு அதில் கல் என்ற ஒரு வார்த்தைதான் காதில் விழுந்தது. "ஏனுங்க டீச்சர், பையன் சொல்றது பத்தாதுன்னு நீங்களுமா? ஏம் பழத்துல கல்லுன்னு பஜாரே கேக்கற மாதிரி சொல்றீங்களே, நா பொழைக்கோணுமா வேண்டாமா?" என்று சண்டைக்கு வந்துவிட்டார். அன்றிலிருந்து அவர் கடையில் எனக்கு நல்ல பழம் கிடைத்ததே இல்லை. உன் அப்பா அதைச் சொல்லிச் சொல்லி எத்தனை நாள் சிரித்தார்!

அந்தக் கல் செல்லும், கத்தாழையில் உரிக்கிற நாரும், கொட்டாங்குச்சியும் எல்லாம் ஒரே குடும்பம். ஸ்கிளிரன்கைமா என்று புத்தகத்தில் இருக்கும். செல்லின் சுவர் உள்பக்கமாகத் தடித்துக்கொண்டே போகும். லிக்னின் என்ற கெட்டிப் பொருள் அதில் படியும். கடைசியில் உள்ளே உயிர் இருக்க இடமில்லாமல் செல் செத்துவிடும், சுவர் மட்டும் நிற்கும். நீ ப்ளஸ் ஒன் படிக்கும்போது, "செத்துப் போன செல் எப்படிம்மா தாங்கும்?" என்று கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு கேட்டாய். எஸ்டேட்டில் ரைட்டராகக் கணக்கு எழுதிவிட்டு அப்போதுதான் வந்த உன் அப்பா, தோள்பையைக்கூடக் கழற்றாமல், "தேக்குக் கட்டல்ல படுத்துக்கிட்டுக் கேக்கறாம் பாரு கேள்வி" என்றார். நான் அந்த வகையைக் குறை சொல்லவில்லை. மரம் நிற்பதே அப்படிப்பட்ட செத்த செல்களை நம்பித்தான். ஆனால் அது வளர்ந்து முடிந்த இடத்தில்தான் வரும். ஒரு தடவை கெட்டிப்பட்டால் அப்புறம் நீளவும் நீளாது, வளையவும் வளையாது. உனக்குத் தெரிந்த கம்பி, கான்கிரீட் எல்லாம் இந்த ரகம்.

இன்னொன்று இருக்கிறது, அதைத்தான் நீ துப்பிவிட்டாய். கோலன்கைமா. பேரைக் கேட்டாலே பிள்ளைகள் சிரிக்கும். கொல்லையில் கிடக்கிற தும்பைச் செடியின் தண்டைக் குறுக்கே வெட்டிப் பார்க்கச் சொன்னேனே, வட்டமாக இல்லாமல் சதுரமாக இருந்ததைப் பார்த்து, "நாலு மூலைக்கும் பில்லர் போட்டிருக்கும்மா" என்று குதித்தாய். அன்றைக்குத்தான் நீ இன்ஜினியர் ஆவாய் என்று நான் முடிவு செய்தேன். அந்த நாலு மூலையிலும் தோலுக்கு அடியில் இருப்பது கோலன்கைமா. அந்தச் செல்கள் நீளமாக இருக்கும், மூலைகளில் மட்டும் சுவர் தடித்திருக்கும், லிக்னின் இருக்காது. முக்கியமாக, அவை உயிரோடு இருக்கும். தண்டு வளர்ந்தால் தாங்களும் கூடவே நீளும். காற்று அடித்தால் தண்டோடு சேர்ந்து வளையும், காற்று நின்றதும் திரும்பும். காற்று ஆட்ட ஆட்ட அவற்றின் சுவர் இன்னும் தடிக்கும். காற்றே படாமல் வளர்த்தால் மெலிந்தேதான் இருக்கும். இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிற எதற்கும் தாங்கல் இப்படித்தான் இருக்க வேண்டும் என்பது செடிக்குத் தெரிகிறது. வளர்ந்து முடிந்ததற்குப் போடுகிற கம்பியை என் மேல் போடுகிறாயே, நான் வளர்ந்து முடிந்துவிட்டேன் என்று உனக்கு யார் சொன்னது?

கம்பி என்று சும்மா சொல்லவில்லை. போன வருஷம் காற்று மாதத்தில், வீட்டுக்குப் பின்னால் பழைய காப்பிச் செடிகள் பட்டுப்போன சரிவில் நான் வைத்த பட்டர் ஃப்ரூட் கன்றுகளைப் பார்த்துவிட்டு நீ என்ன செய்தாய்? "ஆடு ஆடுன்னு ஆடுதும்மா, ஒரு காத்து வந்தா ஒடிஞ்சு போயிரும்" என்றாய். ஆடட்டும், ஆடினால்தான் நல்லது என்று நான் சொன்னது உன் காதில் ஏறவில்லை. அடுத்த வாரம் சைட்டில் மிச்சமான முறுக்குக் கம்பிகளை ஜீப்பில் போட்டுக்கொண்டு வந்து, கன்றுக்கு ஒரு கம்பி நட்டு, கட்டடத்துத் தூணுக்குக் கட்டுகிற மாதிரி கட்டுக்கம்பியால் காலில் ஒரு முறுக்கு, இடுப்பில் ஒரு முறுக்கு, கழுத்தில் ஒரு முறுக்கு என்று இறுக்கிவிட்டாய். முடித்துவிட்டு எட்ட நின்று, ஒன்றுகூட அசையவில்லை என்று பெருமையோடு போட்டோ வேறு எடுத்தாய். பெற்ற பிள்ளை வெயிலில் நின்று செய்கிறானே, மனசு நோகடிக்க வேண்டாம் என்று நானும் விட்டுவிட்டேன். கம்பி பற்றாமல் போனதால் சரிவின் கோடியில் பாறைப் பக்கத்துக் கன்று ஒன்று மட்டும் தப்பித்தது.

சர்ச்சில் என்னைத் தூக்கினார்களே, அதற்கு மறுநாள் காலை, வளர்மதி குளிக்கப் போன நேரம் பார்த்து, சுவரைப் பிடித்துக்கொண்டு அந்தச் சரிவுக்குப் போனேன். கட்டிய கன்றுகள் என் தலைக்கு மேலே வளர்ந்திருந்தன. பார்க்க அழகாகத்தான் இருந்தது, போட்டோவுக்கு ஏற்ற அழகு. ஒன்றின் கம்பி முறுக்கை, நல்ல கையால் இழுத்தும் பிரித்தும் ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். கடைசி முறுக்கு விட்டதும் அது அப்படியே மெல்லச் சாய்ந்து, வில்லாக வளைந்து, நுனி என் காலடியில் மண்ணைத் தொட்டது. ஒடியவில்லை, காய்ந்துபோகவும் இல்லை. நிற்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். அடியிலிருந்து நுனிவரை ஒரே பருமனாக, விரல் தடிப்புக்கு இருந்தது. கம்பி கட்டாத அந்தப் பாறைக் கன்றைப் போய்ப் பார்த்தேன். குட்டை, ஒரு பக்கம் கோணல், இலையெல்லாம் காற்றில் கிழிந்து பிய்ந்து கிடந்தது. அடித்தண்டைப் பிடித்து ஆட்டினேன். வளைந்து கொடுத்துவிட்டு, தலையை உதறிக்கொண்டு நேரே போய் நின்றது. எனக்கு உன் மேல் வந்த கோபத்துக்கு, நீ அங்கே இருந்திருந்தால் அந்தக் கம்பியாலேயே ஒன்று வைத்திருப்பேன்.

ஆனால் கோபத்தில் எல்லாக் கம்பியையும் பிடுங்கி எறியவில்லை. எறிந்தால் அத்தனையும் தரையில் படுத்துவிடும். ஒரு வருஷம் கட்டுப்பட்டு நின்றதை ஒரே நாளில் அவிழ்த்து, நில் என்றால் அது எப்படி நிற்கும்? முதலில் கழுத்துக் கட்டை மட்டும் எடுத்தேன். இடுப்புக் கட்டைக் கீழே இறக்கி, கட்டுக்கம்பிக்குப் பதில் என் பழைய நூல் சேலையை அகலமாகக் கிழித்து, தண்டு அசைய இடம் விட்டுத் தளர்வாகக் கட்டினேன். இப்போது தலை ஆடுகிறது, கால் மட்டும் பிடிபட்டிருக்கிறது. வருகிற மழைக்குப் பிறகு அதையும் அவிழ்க்கலாம். கீழே விழுந்த அந்த ஒன்றுக்கு மட்டும் பாதி உயரத்தை வெட்டிவிட்டேன். புதுசாகத் துளிர்த்து, நிற்கக் கற்றுக்கொண்டு வரட்டும்.

இதோடு இன்னொரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். மதியம் மூன்று மணிக்கு அம்மா உள்ளே படுத்துத் தூங்குகிறாள், அதனால்தான் கூடம் காலியாக இருக்கிறது என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். நான் தூங்கவில்லை. பின்வாசல் வழியாக இறங்கி, வளர்மதியோடு கொட்டச்சேடு ரோட்டில் நடந்துகொண்டிருக்கிறேன். முதலில் அவள் ஒத்துக்கொள்ளவே இல்லை. "சாருக்குத் தெரிஞ்சா என்ன வேலைய விட்டு அனுப்பிருவாருங்க" என்று கையைப் பிசைந்தாள். நான் நடக்காமல் போனால் வாழ்நாள் முழுக்க அவளுக்கு என்னைத் தூக்குகிற வேலைதான் என்று சொன்னதும் சம்மதித்தாள். முதல் நாள் வாசல் கேட்டுவரைதான் போனேன். இப்போது வளைவு தாண்டிப் போகிறேன். மூச்சு வாங்குகிறது, முழங்கால் நோகிறது, ராத்திரி எண்ணெய் தேய்க்க வேண்டியிருக்கிறது. அந்த நோவு எனக்குப் பிடித்திருக்கிறது. அவளைத் தயவுசெய்து திட்டாதே, நிறுத்தியும் விடாதே. என்னைத் தூக்க அவள் வேண்டாம். கூட நடக்க வேண்டும். நீ குளியலறையில் போட்டுத் தந்த கைப்பிடியும் இருக்கட்டும். அது நல்ல வேலை, தினமும் பிடிக்கிறேன்.

நீ ஏன் இப்படிக் கட்டிக் கட்டி வைக்கிறாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அப்பாவை நினைத்துத்தான் செய்கிறாய். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்த பிறகு, கொண்டை ஊசி வளைவு முழுக்க அவர் தலை சாயாமல் உன் மடியில் தாங்கிக்கொண்டு நீ சேலத்துக்குப் போனதை நான் மறக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் இருந்த நாள்வரை, குளிப்பாட்டியது, திருப்பிப் படுக்க வைத்தது, ஜன்னலோரம் தூக்கி உட்கார வைத்தது எல்லாம் நீ. மிளகுக் கொடிக்குத் தானாக நிற்கிற தண்டு கிடையாது, சில்வர் ஓக் மரத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஏறும். அது கொடிக்கு அவமானமும் இல்லை. கடைசியில் அப்பா அப்படித்தான் இருந்தார், நீ அப்படித்தான் நின்றாய். எந்த அம்மாவுக்கும் அதைவிடப் பெரிய சந்தோஷம் கிடையாது. எனக்கும் அந்த நாள் வரலாம். வந்தால் நானே உன்னைக் கூப்பிட்டுச் சொல்வேன், வெட்கப்பட மாட்டேன். ஆனால் அது வந்துவிட்டது என்று நீ சேலத்தில் உட்கார்ந்து முடிவு செய்து, வளர்மதியிடம் சொல்லி அனுப்பாதே. அவருக்குக் கால் போனது. எனக்குக் கால் இருக்கிறது, சாமி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபத்தில் விட்டுவிட்டேன். செடிக்குத் தாங்கல் நாரும் கட்டையும் மட்டும் இல்லை. வாசலில் இருக்கிற காசித்தும்பைத் தண்டைக் கிள்ளினால் உள்ளே தண்ணீர்தான் இருக்கும். பாரன்கைமா என்கிற மெல்லிய செல்கள் நிறையத் தண்ணீரைக் குடித்து, ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு விறைத்து நிற்பதால்தான் அந்தச் செடியே நிற்கிறது. ஒரு நாள் தண்ணீர் ஊற்ற மறந்தால் துவண்டுவிடும். ஊற்றினால் சாயங்காலத்துக்குள் நிமிர்ந்துவிடும். எனக்கு அந்தத் தண்ணீர் உன் பேச்சு. மாத்திரை போட்டியா, படியில் இறங்கினியா என்று கேட்பது பேச்சு இல்லை, அது ஆஜர் எடுப்பது. முன்பெல்லாம் சைட்டில் நடந்த கூத்தைச் சொல்லிச் சிரிப்பாய். உன் மனைவி செய்த குழம்பைக் குறை சொல்வாய். பக்கத்தில் அவள் உன்னைத் திட்டுவதும் எனக்குக் கேட்கும். அப்படி நாலு வார்த்தை பேசினால் அன்று முழுக்க நான் நிமிர்ந்து நடப்பேன். கைப்பிடியும் கேமராவும் வந்த பிறகு நீ என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டாய். பார்க்கிறாய், அவ்வளவுதான்.

ஆகவே சனிக்கிழமை பெட்டி தயாராக இருக்காது. அதற்காகச் சும்மா அடம் பிடிக்கவும் இல்லை. உனக்கு ஒரு பந்தயம் சொல்கிறேன். மெயின் ரோட்டில் பஸ் நிற்கிற இடத்திலிருந்து நம் வீட்டுக்கு ஏறுகிற மேடு இருக்கிறதே, ஸ்கூல் விட்டு வந்து, கையில் பரீட்சைப் பேப்பர்க் கட்டோடு நான் தினமும் ஏறிய மேடு, அதன் அடியில் காரை நிறுத்து. நான் அங்கே வந்து நிற்கிறேன். இரண்டு பேருமாக நடந்து ஏறுவோம். என் முழங்கையைப் பிடிக்காதே, முதுகில் கை வைக்காதே, "பாத்தும்மா, பாத்தும்மா" என்று சொல்லாதே. இரண்டு கையையும் உன் பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு என் பக்கத்தில் நட. ஏதாவது கதை பேசிக்கொண்டு வா. நான் விழுந்தால் கையை வெளியே எடுத்துத் தூக்கு, விழுகிறவரைக்கும் எடுக்காதே. உட்காராமல், எதையும் பிடிக்காமல் வீட்டு வாசல்வரை ஏறிவிட்டேன் என்றால் கேமராவை நீயே கழற்றிவிட வேண்டும். நான் இங்கேயே இருப்பேன். ஏற முடியாமல் நடுவில் உட்கார்ந்துவிட்டேன் என்றால், அங்கிருந்தே திரும்பி வந்து உன் காரில் ஏறிக்கொள்கிறேன். ஒரு வார்த்தை முணுமுணுக்க மாட்டேன், ஸ்வெட்டர்கூட எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இது வாய்ச்சவடால் இல்லை என்று நீ நம்புவதற்காக ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நேற்று மதியம் வளர்மதியைக் கீழே நிற்கச் சொல்லிவிட்டு அந்த மேட்டில் தனியாக ஏறிப் பார்த்தேன். பாதியில் இருக்கிற பலா மரம்வரைக்கும்தான் முடிந்தது. அங்கே மரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

அதனால் இந்தச் சனிக்கிழமை வராதே, கண்ணு. கிறிஸ்துமஸுக்கு வா.

அம்மா